கட்சாலுக்கு ஒரு பெட்டி ரப்பர் குச்சி: இரண்டு மாத வேலைக்காகத் தீவுக்குப் போன கதை

இந்த வலைப்பதிவைப் படிக்கும் ஒரு பெண் போன வாரம் எனக்கு எழுதியிருந்தார். படிப்பு முடிந்து ஆஸ்திரேலியாவுக்குப் போகிறாராம். மூன்று மாதம் பழத்தோட்டத்தில் வேலை, நடுநடுவே ஊர் சுற்றல். "நல்ல வெயில் நாடு என்கிறார்கள், கிளம்பும் முன் என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டிருந்தார். தொப்பி, மாத்திரை, காகிதங்களுக்கு இரண்டிரண்டு நகல் என்று நாலு வரியில் பதில் போட்டிருக்கலாம். எழுத உட்கார்ந்தபோது கட்சால் நினைவுக்கு வந்துவிட்டது. இனி நாலு வரியில் முடியாது.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. குலசேகரத்துக்கு மேலே ஒரு தனியார் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும், நல்ல மரத்தின் துளிர்க் கண்ணை நாற்றில் வைத்துக் கண் ஒட்டுக் கட்டும் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் தோட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: தை மாசிக் காலத்தில் மரம் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். அந்த இரண்டு மாதமும் பால்வெட்டு கிடையாது. மற்றவர்கள் கூரை வேய்வார்கள், பெண் பார்க்கப் போவார்கள். எனக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓர் இடத்தில் உட்கார்ந்தால் உடம்பு அரிக்கும். அந்த ஆண்டு மேலாளர் கூப்பிட்டு, நிக்கோபாரில் கட்சால் என்ற தீவில் அரசாங்கம் ரப்பர் வைக்கிறது, நம் தோட்டத்து நல்ல இனத்தின் ஒட்டுக் குச்சியைக் கொண்டுபோய்க் கட்டிக் கொடுக்க ஆள் கேட்கிறார்கள், இரண்டு மாதம், போக்குவரத்துச் செலவு அவர்களுடையது என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்றுவிட்டேன். தீவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிறகுதான் கேட்டேன்.

முதலில் முன்னேற்பாடு. எனக்கு மூன்று நாள்தான் கிடைத்தது. நாகர்கோவில் அரசு ஆஸ்பத்திரியில் அம்மை, காலரா இரண்டுக்கும் ஊசி போட்டுக்கொண்டு அதற்கான சீட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பல் ஏற்ற மாட்டார்கள். காலரா ஊசி போட்ட அன்று காய்ச்சல் வரும், அதனால் கிளம்பும் நாளில் போடாதீர்கள். நான் கிளம்பும் நாளில்தான் போட்டேன். பாஸ்போர்ட் அளவு போட்டோ நாலு எடுத்தேன், ஆறு எடுத்திருக்கலாம். அலுமினியத் தட்டு, தம்ளர், ஒரு ஜமுக்காளம், இரண்டு வேட்டி, மூன்று சட்டை, ஊறுகாய், மலேரியா மாத்திரை, ஒட்டுக் கத்தி இரண்டு, சாணைக்கல். இவ்வளவும் ஒரு தகரப் பெட்டியில் அடங்கிவிட்டது.

அடங்காதது குச்சி. அறுபது குச்சி, ஒவ்வொன்றும் ஒன்றரை அடி. குச்சிக்கு எட்டுக் கண் என்றால் ஏறத்தாழ நானூற்றெண்பது கண். ஒவ்வொரு கண்ணும் ஒரு மரம். இலையைக் காம்போடு கிள்ளி, இரண்டு முனையையும் உருக்கிய மெழுகில் முக்கி, வாழைப்பட்டையில் சுற்றி, ஈர மரத்தூள் நிரப்பிய தேயிலைப் பெட்டியில் அடுக்கினோம். "பன்னெண்டு நாள் தாங்கும். பதினஞ்சுன்னா உத்தரவாதம் இல்ல. ஈரம் குறையவும் கூடாது, சொதசொதன்னு ஆவவும் கூடாது" என்றார் மேலாளர். அதாவது தினம் இரண்டு வேளை தண்ணீர் தெளித்துக் கைக்குழந்தையைப் போல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் கையில் அப்படி ஒரு பெட்டியைக் கொடுத்தவரின் தைரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

இது ஒட்டுக்கு ஏற்ற காலமா என்று தொழில் தெரிந்தவர்கள் கேட்பார்கள். இல்லை. மழைக்காலம்தான் நல்லது. ஆனால் மழைக்காலத்தில் கட்சாலில் கரை இறங்கக் கடல் விடாது. வெயில் காலத்தில் கடல் விடும், வெயில் விடாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

முதல் நாள் காலை ஆறரைக்குக் குலசேகரத்தில் பஸ். நாகர்கோவில் முப்பது கிலோமீட்டர், எண்பத்தைந்து காசு என்று நினைவு. அங்கிருந்து திருநெல்வேலிக்கு எண்பது கிலோமீட்டர். சாயங்காலம் ரயில், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எழும்பூர். ரயிலில் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, ஸ்டேஷன் தோறும் இறங்கித் தண்ணீர் பிடித்துத் தெளித்தேன். எதிரே இருந்தவர், உள்ளே என்ன முயலா என்று கேட்டார். மெட்ராசில் கப்பல் கிளம்ப இரண்டு நாள் தாமதம். ஒரு கப்பல் குறித்த நாளில் கிளம்பும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு நாளும் துறைமுகத்துக்கும் தங்கியிருந்த அறைக்குமாக ஒன்பது தடவை நடந்தேன். நடந்தால் கப்பல் சீக்கிரம் கிளம்பும் என்ற நினைப்பு.

நான்காம் நாள் பகல் பதினொரு மணிக்குக் கப்பல் ஏறினோம். பங்க் வகுப்பு என்பது கப்பலின் அடிவயிற்றில் இரும்புக் கட்டில்கள் மேலும் கீழுமாக அடுக்கிய பெரிய கூடம். எனக்கு வலப்பக்கம் நாற்பது குடும்பங்கள், எல்லோரும் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். மண்டபம் முகாமில் சில மாதம் இருந்துவிட்டு, கட்சால் ரப்பர் தோட்டத்தில் குடியேற வந்திருந்தார்கள். என் பக்கத்துக் கட்டிலில் முனியாண்டி, அவர் மனைவி அங்கம்மா. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்காரர்கள். அவர்களிடமும் என்னுடையதைப் போலவே ஒரு தேயிலைப் பெட்டி இருந்தது. அதில் குடும்பத்தின் மொத்தச் சாமானும் அடக்கம்.

"தம்பி எத்தன நாளைக்குப் போறீங்க?" என்று அங்கம்மா கேட்டார்.

"ரெண்டு மாசம் எக்கா. சோலி முடிஞ்சா திரும்பிருவேன்."

"ரெண்டு மாசமா!" என்று அவர் கணவரைப் பார்த்தார். "நாங்க ஒரேயடியாப் போறோம்."

என் பெட்டியில் இருப்பது அவர்கள் வேலை பார்க்கப் போகும் மரம் என்று தெரிந்ததும் இருவரும் குனிந்து பலகை இடுக்கு வழியாக உள்ளே பார்த்தார்கள். எத்தனை வருடத்தில் பால் வரும் என்று முனியாண்டி கேட்டார். ஏழு வருடம் என்றேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

கப்பல் துறைமுகத்தைத் தாண்டிய அரை மணி நேரத்தில் நான் படுத்தேன். காலரா ஊசிக் காய்ச்சல் விட்ட அசதியும் கடல் மயக்கமும் சேர்ந்து ஆளைப் புரட்டி எடுத்தன. எழுந்தால் வாந்தி, படுத்தால் தலை சுற்றல். கடல் மயக்கத்துக்கு எலுமிச்சம்பழம் கொண்டுபோங்கள், வயிற்றைக் காலியாக வைக்காதீர்கள், அவலோ பொரியோ கொறியுங்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு மற்றவர்கள் சொன்னது. இரண்டாம் நாள் சாயங்காலம் கண்ணைத் திறக்க முடியாத நிலையில் அங்கம்மாவிடம், "எக்கா, பெட்டிக்குக் கொஞ்சம் தண்ணி தெளிக்கணும்" என்று மட்டும் சொன்னது நினைவிருக்கிறது. "நீங்க படுங்க தம்பி, இவரு பாத்துக்குவாரு" என்றார். நான் நிம்மதியாகக் கண்ணை மூடினேன்.

மூன்றாம் நாள் நண்பகலுக்குத்தான் எழுந்து உட்கார முடிந்தது. நேராகப் பெட்டியிடம் போனேன். மரத்தூள் நல்ல ஈரமாக இருந்தது. திருப்தியோடு ஒரு குச்சியை உருவிப் பார்த்தேன். வெளியே தெரிந்த வாழைப்பட்டை காய்ந்த இடத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.

அந்தக் கப்பலில் நல்ல தண்ணீர் காலை ஆறு முதல் ஏழு வரை, சாயங்காலம் நாலு முதல் ஐந்து வரை மட்டும்தான் வரும். குளிக்கவும் கழுவவும் உள்ள குழாயில் நாள் முழுக்கக் கடல் தண்ணீர். பத்து மணிக்கும் வரும், பன்னிரண்டு மணிக்கும் வரும். அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான். கடலோர மாவட்டத்தில் பிறந்தவன்.

"எக்கா, பெட்டியில எந்தத் தண்ணிய ஊத்துனீங்க?"

"அந்தா, அந்தக் கொழாயிலதான். சும்மா வந்துக்கிட்டே இருக்கு தம்பி. நேத்துப் பொழுதுபட ஒரு வாளி, இன்னிக்கு விடியக்கால ஒரு வாளி. தெளிச்சாப் பத்தாதுன்னு இவரு நல்லாவே ஊத்தியிருக்காரு."

"அது கடத்தண்ணியாக்கும்! செடிக்கு விஷமாக்கும்!" கூடமே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

முனியாண்டிக்கு நான் சொன்னது புரியவில்லை. "கொழாயில வர்ற தண்ணி எப்பிடிங்க உப்பா இருக்கும்?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையான கேள்வி. மலைத்தோட்டத்தில் பாறையிலிருந்து வரும் ஊற்றைத் தகரத்தில் இழுத்து விட்டிருப்பார்கள், பீலி என்பார்கள். அவர் பிறந்ததிலிருந்து அந்தப் பீலியில் விழுந்தது ஒரே தண்ணீர்தான், இனிப்பான தண்ணீர். எல்லோரும் வாந்தியில் சுருண்டு கிடந்ததால் இரண்டு நாளாக யாரும் குளிக்கவுமில்லை. அவர் போய் அந்தக் குழாயைத் திறந்து, ஒரு கை அள்ளி வாயில் விட்டுக்கொண்டார். திரும்பி வரும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கத்தியதற்காக எனக்கே என் மேல் கோபம் வந்தது, அதையும் அவர் மேலேயே காட்டினேன்.

நாலு மணி வரை காத்திருந்தால் உப்பு இன்னும் உள்ளே இறங்கும். உடனே கழுவ வேண்டும். என்னிடம் இருந்தது அரைக் கூஜா. அங்கம்மா தங்கள் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிவந்து வைத்தார். அது போதவில்லை. அவரே எழுந்து கட்டில் கட்டிலாகப் போனார். "நம்ம மரத்துக்குத்தான் கேக்குறேன், ஒரு செம்பு ஊத்துங்க" என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். மயங்கிக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லாதபோது குச்சிக்கு ஊற்றுவதா என்று ஒருவர் சண்டைக்கே வந்தார். இருந்தாலும் பெரும்பாலானவர்கள் கொடுத்தார்கள். நானும் முனியாண்டியும் அறுபது குச்சியையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவித் துடைத்தோம். உப்பு மரத்தூளைக் கடலில் கொட்டிவிட்டு, அங்கம்மா கொடுத்த இரண்டு பழைய சேலைகளை நல்ல தண்ணீரில் நனைத்து அதில் சுருட்டி வைத்தோம். அன்று சாயங்காலம் குழாய் திறக்கும்வரை அந்த வரிசையில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை.

மெழுகு வைத்த முனை வழியாக உப்பு ஏறியிருக்காது, தோல் வழியாக எவ்வளவு ஏறியிருக்கும் என்று சொல்ல முடியாது என்றேன். அங்கம்மா, "எப்பத் தெரியும்?" என்று கேட்டார். கட்டி இருபத்தொரு நாள் கழித்து, கட்டைப் பிரித்தால்தான் தெரியும் என்றேன். கூடத்தில் அதற்குள் முனியாண்டிக்கு 'உப்புத்தண்ணி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். புது இடத்துக்கு ஒரேயடியாகக் குடிபோகிற மனிதர் இந்தப் பெயரோடு கரை இறங்கப் போகிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குச்சி செத்தால் எனக்கு ஒரு பயணம் வீண். அவருக்கு அந்தப் பெயர் கடைசிவரை போகாது.

ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் கடந்து எட்டாம் நாள் காலை போர்ட் பிளேரில் இறங்கினோம். குடும்பங்களை ஒரு முகாமுக்குக் கூட்டிப் போனார்கள். நிக்கோபார் போக எனக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும், இரண்டு நாளாகும் என்றார்கள். போட்டோ இரண்டு, ஊசிச் சீட்டின் நகல் ஒன்று. நான் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றதைப் பார்த்துச் சிரித்தவர் பாலு என்ற லாரி டிரைவர். அப்பா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்து ஷாதிபூரில் வீடு கட்டிய குடும்பம். பேச்சில் பாதி இந்தி. அனுமதிக்குக் காத்திருப்பதையும், குச்சிக்குப் புது மரத்தூள் வேண்டும் என்பதையும் அவரிடம் சொன்னேன்.

"ஃபிக்கர் பண்ணாதீங்கண்ணே. மெயின்லேண்ட் ஆளுங்க எல்லாம் வந்த ஒடனே ஜல்தி ஜல்திம்பாங்க. இங்க ஷிப்பு வந்தாத்தான் காரியம். லக்டி தூள் வேணுமா? சலோ, ஏறுங்க."

சாத்தம் மரமில்லில் மரத்தூள் மலை மலையாகக் குவிந்திருந்தது. படாக் மரத்துத் தூள் ரத்தச் சிவப்பு. எனக்கு அதன் குணம் தெரியாததால், தேடி வெள்ளை மரத்துத் தூளாக இரண்டு சாக்கு அள்ளினேன். பாலு வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்து, குச்சிகளை மறுபடி அடுக்கினேன். அங்கே இரண்டு நாள் தங்கினேன். சோறு போட்டார்கள், மீன் குழம்பு வைத்தார்கள், கடற்கரையைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்கள். நான் அலுவலக வாசலைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. நீங்கள் போனால் பாருங்கள்.

அங்கிருந்து கட்சால் நானூறு கிலோமீட்டருக்கு மேல். சின்னக் கப்பல், நடுவில் இரண்டு தீவுகளில் நின்று போகும். அதே நாற்பது குடும்பமும் ஏறியது. இந்த முறை பெட்டிக்கு அருகில் முனியாண்டி வரவில்லை, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டாம் நாள் பகல் கட்சாலுக்கு எதிரே கப்பல் நின்றது. சின்னப் படகில் இறங்கி, முழங்கால் தண்ணீரில் நடந்து கரை ஏற வேண்டும். அதற்கு வேட்டிதான் வசதி, கால்சட்டை போட்டுக்கொண்டு போய் அவதிப்படாதீர்கள். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் இறங்கினேன்.

கட்சாலின் வெயிலைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வரைபடத்தில் பார்த்தால் எங்கள் ஊரும் அந்தத் தீவும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கின்றன. கடிகாரமும் ஒரே கடிகாரம். ஆனால் எங்கள் ஊரில் ஆறே முக்காலுக்கு வருகிற சூரியன் அங்கே ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடுகிறது. ஊர் வழக்கப்படி ஏழு மணிக்கு வேலை தொடங்கினால் வெயில் பாதி ஏறியிருக்கும், அறுத்த கண் கையிலேயே காயும். அதனால் ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் நிறுத்தினேன். தூர தேசம் போகிறவர்கள் கைக்கடிகாரத்தை நம்பாமல் சூரியன் எப்போது வருகிறது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று காலை வேலை. குச்சிகளில் ஒன்பது கறுத்துப் போயிருந்தன, தூக்கி எறிந்தேன். மீதி ஐம்பத்தொன்று பார்வைக்குப் பச்சை. ஆனால் தோல் உரிக்கும்போது சிலவற்றில் வழக்கமான வழவழப்பு இல்லை. அங்கே முன்பே வளர்த்து வைத்திருந்த நாற்றின் அடியில் தோலைச் சன்னல்போல் திறந்து, கண்ணை உள்ளே செருகி, பாலிதீன் நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். எனக்கு நாடா எடுத்துக் கொடுக்க அங்கம்மாவை அனுப்பியிருந்தார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளிய விரல்கள். முதல் நாள் பார்த்தார், இரண்டாம் நாள் சுற்றத் தொடங்கினார், மூன்றாம் நாள் என்னைவிட ஒழுங்காகச் சுற்றினார். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு கண் கட்டினோம். முனியாண்டியைக் காடு வெட்டும் கூட்டத்தில் போட்டிருந்தார்கள். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் அவர் பெயரைக் கூப்பிடும்போது பின்னாலிருந்து யாராவது 'உப்புத்தண்ணி' என்பார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

அதன்பின் காத்திருப்பு. நாற்றங்காலுக்குப் பந்தல் போட்டேன், கத்தி சாணை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தேன், தீவைச் சுற்றி நடந்தேன். கடல் நீலம், மணல் வெள்ளை, தென்னை சாய்ந்து நிற்கும், உங்கள் படங்களில் வருவது எல்லாம் அங்கே உண்டு. ஒன்றிலும் மனம் நிற்கவில்லை. காலையும் மாலையும் நாற்றங்காலைச் சுற்றி வந்தேன். நாடா பச்சை பிளாஸ்டிக், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. தடவிப் பார்ப்பேன், முகர்ந்துகூடப் பார்ப்பேன்.

கட்டி முடித்துப் பதினாறாம் நாள் கப்பல் வந்தது. கட்டைப் பிரிக்க வேண்டிய நாளுக்கு ஐந்து நாள் முன்னதாக. அதை விட்டால் அடுத்தது மூன்று வாரம் கழித்து. மார்ச் கடைசிக்குள் நான் திரும்பாவிட்டால் என் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று மேலாளர் தெளிவாகச் சொல்லியிருந்தார். பிற்பகல் இரண்டு மணிக்குப் படகு. காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு நாற்றங்காலுக்குப் போனேன். முதல் நாள் கட்டியதற்குப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பத்தே பத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டால் போதும், உப்பு கொன்றதா விட்டதா என்று தெரிந்துவிடும். பதினெட்டு நாளில் பிரித்தால் பிடித்த கண்ணும் பெயர்ந்து வந்துவிடலாம் என்பதும் எனக்குத் தெரியும். பத்துதானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

முதல் நாற்றின் முன் குந்தி நாடாவில் கத்தி வைத்தபோது அங்கம்மா களைக்கொத்தோடு வந்து நின்றார்.

"இருபத்தொரு நாள்னு நீங்கதான சொன்னீங்க?"

"பத்து மட்டும் எக்கா. தெரியாமப் போனா எனக்கு ஒறக்கம் வராது. உங்க வீட்டுக்காரருக்காவ வேண்டியும்தான். செத்திருக்காதுன்னு தெரிஞ்சா அவருக்கும் நல்லதுதானே?"

"அவருக்கு நான் சொல்லிக்குவேன். இந்தப் பதினாறு நாளா ஒரு ராத்திரி அவரு தூங்கல, எனக்குத் தெரியாதா? அவரே இதத் தொடல." களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். குரல் உயரவில்லை. "தம்பி, தெரிஞ்சிக்கணுங்கிறது உங்களுக்கு. மரம் எங்களுக்கு. நீங்க போறவரு. இந்தப் பத்துல ஒண்ணு போனாலும் அந்த எடம் ஏழு வருசம் எங்க கண்ணு முன்னால காலியாக் கெடக்கும்."

நான் கத்தியை மடக்கினேன். வெட்கமாக இருந்தது. கப்பலில் கத்தியதற்கும் சேர்த்து அப்போதுதான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதைத் தன்னிடம் கேட்க வேண்டாம், கணவரிடம் கேளுங்கள் என்றார். காட்டுக்குப் போய்க் கேட்டேன். முனியாண்டி, "இருபத்தொரு நாளும் இருந்து நீங்க பாத்துட்டுப் போனா நல்லா இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். திரும்பி வந்து என் இரண்டாவது ஒட்டுக் கத்தியை அங்கம்மாவிடம் கொடுத்தேன். இருபத்தொன்றாம் நாள் எப்படிப் பிரிப்பது, நகத்தால் சுரண்டினால் பச்சை தெரிந்தால் உயிர், பழுப்பு என்றால் போனது, பிடித்த நாற்றின் தலையை எப்போது வெட்டுவது என்று மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவரே எனக்குச் சொல்லிக் காட்டினார். இரண்டு மணிக்குப் படகு ஏறினேன். திரும்பும் வழி முழுவதும் வாந்தி இல்லை, தூக்கமும் இல்லை. போர்ட் பிளேரில் கப்பலுக்காகக் காத்திருந்த பதினொரு நாளும் இருபத்தொன்றாம் நாள் எது என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். அந்த நாளில் பாலு என்னைக் கடற்கரைக்குக் கட்டாயமாகக் கூட்டிப் போனார். போனேன், மணலில் ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை.

ஆக, ஏறத்தாழ ஐம்பது நாள் பயணத்தில் உண்மையான வேலை மூன்று காலை. பாக்கியெல்லாம் காத்திருப்பு. தூர நாட்டுக்கு வேலைக்குக் கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். மாத்திரை, தொப்பி, போட்டோ எல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியை ஒரு வாரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் நாளைக் குறிக்கும்போது இரண்டு வாரம் கூட்டிக் குறியுங்கள், நான் அதைச் செய்யாததால்தான் இந்தப் பாடு. உங்களுக்குத் தெரிந்த சின்ன விஷயம் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், எந்தக் குழாயில் என்ன தண்ணீர் என்று வாய் திறந்து சொல்லுங்கள். நீங்கள் பார்க்கும் வேலை உங்களுக்கு இரண்டு மாதம், அங்கே இருப்பவர்களுக்கு அதுதான் பிழைப்பு. கிளம்பும்போது உங்கள் முகவரியைத் தெளிவாக எழுதி யாரிடமாவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

நான் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். ஏப்ரல் போனது, மே போனது. நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. ஜூன் மழையில் பால்வெட்டு மறுபடி நின்றிருந்த ஒரு நாள், தோட்டத்து முகவரிக்கு ஒரு இன்லாண்ட் வந்தது. யாரோ எழுதத் தெரிந்தவரைப் பிடித்து, அங்கம்மா சொல்லச் சொல்ல எழுதியது. எத்தனை பிடித்தது, எத்தனை போனது என்ற எண்ணிக்கைக்காக முதல் வரியிலிருந்து தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை. மழை பிடித்துவிட்டதாம், கப்பல் வந்து நாளாகிறதாம், வீட்டுக்குத் தகரம் போட்டுவிட்டார்களாம். கடைசி மடிப்பில் இது இருந்தது:

"நீங்க குடுத்த கத்தி நல்லா இருக்கு தம்பி. நாத்தாங்கால்ல களை வெட்டி மாளல. மழைக்கு முன்ன வெயில் ரொம்ப அடிச்சிச்சு, அப்ப தண்ணி ஊத்துற வேலைய இவருக்குத்தான் குடுத்தாங்க. ஒவ்வொரு வாளிக்கும் ஒரு கை அள்ளி வாயில ஊத்திப் பாத்துட்டுத்தான் செடிக்கு ஊத்துனாரு. யாரும் சிரிக்கல."